சீஸ் ஊருக்கு முதல் தடவை போகிறீர்களா? பால் கறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்

முதல் தடவை ஒரு சீஸ் கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. தங்கிய இடத்தில் நிதானமாகச் சாப்பிட்டு, வழியில் நாலு இடத்தில் நின்று மலையைப் படம் எடுத்து, ஒரு வழியாக உள்ளே நுழைந்தால், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் காலி அண்டாவைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். சீஸ் எங்கே என்று கேட்டேன். சுவரோரம் பாரம் ஏற்றி வைத்திருந்த அச்சுகளைக் காட்டினார். எப்போது ஆரம்பித்தீர்கள் என்று கேட்டதற்கு ஆறு விரலைக் காட்டினார். ஐந்தரை மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது.

சீஸ் பயணத்தில் அட்டவணை போடுவது மாடுதான். எந்த மாதம் போவது, எத்தனை மணிக்கு எழுவது, எந்த ஊரில் இரவு தங்குவது, கடை எப்போது திறந்திருக்கும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. கறந்த பால் மடிக்குத் திரும்பாது. நீங்கள் வருகிறீர்கள் என்று அண்டாவில் காத்துக்கொண்டும் இருக்காது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

1. எந்த மாதிரி இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலை நடக்க, இந்தப் பக்கம் நின்று பார்க்கும்படி கட்டிய இடங்கள் ஒரு வகை. ஜெர்மன் பேசும் பகுதிகளில் இதற்கு ஷாவ்கேசரை என்று பெயர். சுவிட்சர்லாந்தில் எம்மென்டால் பகுதியின் அஃபோல்டர்னிலும், அப்பென்செல் பக்கம் ஸ்டைன் என்ற ஊரிலும் இப்படி உண்டு. க்ருயேர் கோட்டைக்கு அடிவாரத்தில், ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும் மேசோன் டு க்ருயேரும் இதே ரகம். மொழி தெரியாதவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் முதல் பயணத்துக்கு இதுதான் சரி. நெருக்கம் குறைவு, ஆனால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாவது வகை, தினமும் வேலை நடக்கும் ஊர்க் கூடங்கள். இத்தாலியில் பார்மா சுற்றுவட்டாரத்தில் கசெய்ஃபீச்சியோ என்பார்கள், பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் ஃப்ருயிட்டியேர். ஜூராவில் செய்யும் கோம்டே என்ற சீஸின் ஒரு சக்கரத்துக்கு, அதாவது ஒரு முழு வட்டுக்கு, சுமார் 400 லிட்டர் பால் வேண்டும். நாலைந்து மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தால் ஒரு நாளில் அவ்வளவு கறக்க முடியாது. அதனால்தான் ஊரார் பாலை ஒன்றாக ஊற்றிக் கூட்டாகச் சீஸ் செய்யும் பழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இன்றும் ஒரு கூடத்துக்குப் பால் கொடுக்கும் பண்ணைகள் 25 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நீங்கள் சாப்பிடும் துண்டுக்கான புல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் அந்தப் புல்வெளிதான்.

மூன்றாவது, கோடையில் மட்டும் உயிர்பெறும் மலைக் குடில்கள். நான்காவது, சீஸ் முதிரும் குகைகளும் நிலவறைகளும். ஐந்தாவது, சந்தைகளும் திருவிழாக்களும்.

சந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் அல்க்மாரில் வசந்த காலத்திலிருந்து செப்டம்பர் வரை வெள்ளிக்கிழமை காலைகளில் சீஸ் சந்தை கூடும். வைக்கோல் தொப்பி போட்ட சுமைகாரர்கள் இருவர் இருவராக மரத்தட்டில் சீஸை ஏற்றிக்கொண்டு ஒரு மாதிரித் துள்ளு நடையில் ஓடுவார்கள். அவர்களுடைய சங்கம் 1593-லிருந்து இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் அது இப்போது வியாபாரமல்ல, காட்சி. கூட்டத்துக்குப் பின்னால் நின்று தொப்பிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர். போவதென்றால் சந்தை தொடங்க அரை மணி நேரம் முன்பே போய்க் கயிற்றோரம் இடம் பிடித்துவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு என் யோசனை: ஒரு காட்சிக் கூடம், ஒரு சின்ன இடம், இரண்டு நாள். ஒரே நாளில் மூன்று இடம் போட்டால் மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய்விடும். உப்பு மட்டும்தான் தெரியும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

நகரத்துக் கடையில் எல்லாச் சீஸும் எல்லா மாதமும் கிடைப்பதால் இதற்கும் பருவம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மாம்பழம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ப்ஸ் மலையில் மாடுகள் மே கடைசி, ஜூன் வாக்கில் மேலே ஏறும். செப்டம்பர், அக்டோபரில் இறங்கும். சுவிட்சர்லாந்தின் லெட்டிவா என்ற சீஸை மே 10-க்கும் அக்டோபர் 10-க்கும் இடையில், மலைக் குடிலில், விறகடுப்பில்தான் செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. டிசம்பரில் போனால் குடில் பூட்டிக் கிடக்கும், கீழே ஊர் நிலவறையில் சீஸ் மட்டும் இருக்கும். போலந்தின் தாத்ரா மலையில் ஆட்டிடையர்கள் குடிசையில் புகையூட்டிச் செய்யும் ஓஸ்சிபெக்கும் கோடைப் பொருள்தான். நூல் நூற்கும் கதிர் போல இரு முனையும் கூராக, மர அச்சின் பூவேலை பதிந்து இருக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. பிரான்சின் மோன் தோர் குளிர்காலத்துச் சீஸ். ஆகஸ்ட் 15-லிருந்து மார்ச் 15 வரைதான் செய்யலாம். செப்டம்பர் 10-க்கு முன்னால் விற்கக் கூடாது. ஜூலையில் போய்க் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ரோக்ஃபோர் சீஸ் செம்மறி ஆட்டுப் பாலில் செய்வது. ஆடு வருஷம் முழுக்கக் கறக்காது என்பதால், கோடைக் கடைசியில் குகை திறந்திருந்தாலும் புதிதாகச் சீஸ் செய்வதைப் பார்க்க முடியாது.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் செப்டம்பரைச் சொல்வேன். ஆல்ப்ஸில் தலையில் பூச்சூடி, கழுத்தில் பெரிய மணி கட்டி மாடுகளை ஊருக்குள் இறக்கிக் கொண்டுவரும் ஊர்வலங்கள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். சுவிட்சர்லாந்தின் யுஸ்டிஸ்டால் பள்ளத்தாக்கில் நடக்கும் பங்கு பிரிப்பும் அப்போதுதான். கோடை முழுக்க மேலே செய்த சீஸை அடுக்கி வைத்து, யார் மாடு எவ்வளவு கறந்ததோ அந்தக் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். தனக்கு வந்த சக்கரங்களை ஒவ்வொருவராகத் தோளிலும் முதுகிலும் தூக்கிப்போவதைப் பார்க்க ஊரே கூடும். இத்தாலியின் ப்ரா என்ற ஊரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் பெரிய சீஸ் திருவிழா நடப்பதும் செப்டம்பரில்தான். அவசர உணவுக்கு மாற்றாக வந்த 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் பிறந்த ஊர் அது. விழாவை 1997-லிருந்து நடத்துகிறார்கள்.

தேதிகள் வானிலையைப் பொறுத்துத் தள்ளிப்போகும். முன்னதாகவே பனி விழுந்தால் மாடு முன்னதாகவே இறங்கிவிடும். அதனால் திரும்பக் கொடுக்க முடியாத பயணச்சீட்டை வாங்குவதற்கு முன்னால் அந்தக் கிராமத்துச் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

3. காலையில் எழுவது

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

பார்மா பக்கத்துக் கெட்டிச் சீஸான பார்மிஜானோ ரெஜ்ஜானோ செய்யும் ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் மாலை கறந்த பாலை அகலமான ஆழமில்லாத தொட்டிகளில் ராத்திரி முழுக்க அசையாமல் வைத்திருப்பார்கள். ஏடு மேலே திரளும். காலையில் ஏட்டை எடுத்துவிட்டு, அன்றைய காலைப் பாலை அப்படியே அதோடு சேர்ப்பார்கள். கலவை செம்பு அண்டாவுக்குள் போகும். தலைகீழாகத் தொங்கவிட்ட மணி போன்ற வடிவம். மேலே தெரிவது பாதிதான், மீதி தரைக்குள் இருக்கும். முந்தைய நாள் சீஸ் வடிந்த தெளிநீரில் கொஞ்சத்தை எடுத்து வைத்திருப்பார்கள். அதுதான் உறை. நேற்றைய தயிரில் இன்றைய பாலை உறைக்கு ஊற்றுகிற அதே கணக்கு. அப்புறம் பாலைக் கெட்டியாகத் திரளவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற பொருள்.

பத்து நிமிஷத்தில் பால் உறைந்துவிடும். நீளக் கைப்பிடியில் கம்பிக் கூண்டு வைத்த ஒரு கருவியால் அதை உடைப்பார்கள். ஸ்பீனோ என்று பெயர். முள் என்று அர்த்தம். அரிசி மணி அளவுக்கு வரும்வரை உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். இந்த இடத்தில் சீஸ்காரரின் கையைப் பாருங்கள். அடிக்கடி அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார், பிழிவார், கட்டைவிரலால் தேய்த்து உதிர்ப்பார். பக்கத்தில் வெப்பமானியும் கடிகாரமும் இருக்கும். ஆனால் சூட்டை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது அந்தக் கட்டைவிரல்தான்.

அடுத்த முக்கால் மணி நேரத்துக்குமேல் ஒன்றுமே நடக்காது. மணிகள் அடியில் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நேரம். சுற்றுலாக் குழுக்கள் பொறுமையிழந்து கடைப்பக்கம் நகர்வது சரியாக இப்போதுதான். நகராதீர்கள். அண்டாவுக்குள் துணியை விட்டு இரண்டு பேர் தூக்கும்போது, வெள்ளையாக, பிறந்த குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி ஒன்று வெளியே வரும். கத்தியால் அதை நடுவே வெட்டி இரண்டாக்குவார்கள். அந்த இரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் என்றே கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 550 லிட்டர் பால் போயிருக்கும். முதிர்ந்தபின் எடை 40 கிலோ சொச்சம். அப்புறம் அச்சு, இருபது நாள் போல உப்புத் தண்ணீர்க் குளியல், குறைந்தது 12 மாதம் அலமாரி.

இதெல்லாம் காலை எட்டு, எட்டரைக்கு ஆரம்பித்துப் பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். மாடு விடுமுறை எடுக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, ஆனால் எல்லாக் கூடமும் அன்றைக்கு விருந்தாளிகளை அனுமதிக்காது.

இதற்கு ஒரே வழி, முந்தைய ராத்திரியே பக்கத்துக் கிராமத்தில் தங்கிவிடுவது. பெரிய நகரத்தில் தங்கிக் காலையில் ரயில் பிடித்து வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கழுவுகிற அண்டாவைத்தான் பார்ப்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

4. முன்பதிவு

பெரிய காட்சிக் கூடங்களுக்குச் சீட்டை வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். சின்ன இடங்களுக்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். எத்தனை பேர், எந்த மொழி, குழந்தைகள் உண்டா என்பதைச் சொல்லிவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: அன்றைக்குச் சீஸ் செய்கிறீர்களா? எத்தனை மணிக்கு வந்தால் முழுவதும் பார்க்கலாம்? 'எப்போது திறந்திருக்கும்' என்று கேட்டால் கடை நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். கடை மாலை ஆறு வரைகூடத் திறந்திருக்கும், அண்டா இருக்காது.

கிராமங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, சில இடங்களில் மூன்று வரையிலும், கடையை மூடிவிடுவது சாதாரணம். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். மலைக் குடிலில் அட்டை வாங்குவார்கள் என்று நம்பிப் போக வேண்டாம்.

5. போய்ச் சேருவது

கார் இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது, ஊரை அதற்கேற்ற மாதிரித் தேர்ந்தெடுத்தால் போதும். க்ருயேரில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே சீஸ் கூடம், அங்கிருந்து கோட்டைக்கு நடந்தே ஏறிவிடலாம். ஆஸ்திரியாவின் ப்ரெகன்ஸர்வால்ட் பகுதியில் பண்ணைகள், கூடங்கள், உணவகங்கள் எல்லாம் சேர்ந்து 'சீஸ் சாலை' என்று ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. கிராமத்துக்குக் கிராமம் பேருந்து ஓடுகிறது. எந்த ஊரானாலும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் 'கடைசி' என்பது மாலை ஐந்தரையாகக்கூட இருக்கலாம்.

6. உடையும் நடையும்

வாசனைத் திரவியம் வேண்டாம். முதிர்வு அறையில் மூக்கால்தான் வேலை. உங்கள் சென்ட் அடுத்த அரை மணி நேரம் அங்கேயே சுற்றும். தலைக்கு வலைத் தொப்பியும் காலுக்கு உறையும் கொடுத்தால் முகம் சுளிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். பிரான்சின் ரோக்ஃபோர் சூர் சூல்ஸோன் கிராமத்துக் குகைகளுக்குப் போனவர்கள் யாரும் இதை மறக்க மாட்டார்கள். கொம்பாலு என்ற மலை எப்போதோ சரிந்ததில் உண்டான விரிசல்கள் வழியே ஈரக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்த விரிசல்களுக்கு ஃப்ளூரீன் என்று பெயர். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பத்து டிகிரி போலத்தான். அந்தக் குளிரும் ஈரமும்தான் சீஸுக்குள் நீலப் பூஞ்சையை வளர்க்கின்றன. 1925-லேயே பிரான்சில் சட்டப்படி பெயர்ப் பாதுகாப்பு பெற்ற முதல் சீஸ் இது. ஒரு விரிசலுக்கு நேரே கையை நீட்டிப் பாருங்கள், மலை மூச்சு விடுவது தெரியும்.

பண்ணைக்குப் போட்ட செருப்போடு இன்னொரு பண்ணைக்குள் நுழையாதீர்கள். கோமாரி போன்ற நோய்கள் செருப்பில் ஒட்டிய சாணத்தோடும் பயணம் செய்யும். சமீபத்தில் வேறு நாட்டில் பண்ணையில் இருந்திருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

மேய்ச்சல் நிலத்தில் நடக்கும்போது நீங்கள் திறந்த கதவை மூடிவிட்டுப் போங்கள். பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவில் புகுந்து படம் எடுக்க வேண்டாம். ஆட்டு மந்தை இருந்தால் பக்கத்திலேயே பெரிய வெள்ளை நாய் படுத்திருக்கும், ஆடு மாதிரியே தெரியும். ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கப் பழக்கிய நாய் அது. குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், குச்சியை ஓங்காதீர்கள். நின்று, மெதுவாகப் பேசி, மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

7. சைவம் சாப்பிடுகிறவர்களும் உடம்பு பார்க்கிறவர்களும்

இதைப் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பார்மிஜானோ, க்ருயேர், ரோக்ஃபோர் உள்பட ஐரோப்பாவின் பேர்போன பழைய சீஸ்கள் பெரும்பாலும் விலங்கு ரென்னெட்டில் செய்தவை. பார்மிஜானோவில் வேறு எதையும் சேர்க்க விதியே இடம் தராது. தெளிநீரைக் காய்ச்சி எடுக்கும் ரிக்கோட்டா சைவம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தெளிநீர் வந்ததே ரென்னெட் போட்ட பாலிலிருந்துதான்.

ஆனால் வழி இருக்கிறது. போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்த்ரேலா மலையிலும், ஸ்பெயினின் எஸ்த்ரெமதூரா பகுதியிலும் ஒரு வகை முட்செடிப் பூவை ஊறவைத்த நீரில்தான் செம்மறிப் பாலை உறையவைக்கிறார்கள். எஸ்த்ரெமதூராவில் செய்யும் தோர்தா தெல் காசார் சீஸின் மேல்மூடியைக் கத்தியால் அறுத்துத் திறந்தால், உள்ளே குழைவாக, கரண்டியால் அள்ளுகிற பதத்தில் இருக்கும். சைவர்கள் தனியாகத் திட்டமிட்டே போகலாம். பிரிட்டனிலும் பல செடார்கள் விலங்கு ரென்னெட் இல்லாமல் வருகின்றன, உறையிலேயே எழுதியிருப்பார்கள்.

கேட்பதற்கான சொற்கள்: இத்தாலியில் 'காலியோ அனிமாலே' என்றால் விலங்கு ரென்னெட், 'காலியோ வெஜெத்தாலே' என்றால் தாவரத்தது. பிரெஞ்சில் ரென்னெட் 'ப்ரெஸ்யூர்', ஜெர்மனில் 'லாப்'.

கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் செய்த மெதுவான சீஸையும், மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மெதுவான சீஸையும் தொட வேண்டாம். லிஸ்டீரியா கிருமி அபாயம் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதேதான். காய்ச்சாத பாலுக்குப் பிரெஞ்சில் 'லே க்ரு', இத்தாலியில் 'லாத்தே க்ரூதோ', ஜெர்மனில் 'ரோமில்ஷ்'. பால் குடித்தால் வயிறு உப்பும் ஆட்கள் மட்டும் கவலைப்பட வேண்டாம். பல மாதம் முதிர்ந்த கெட்டிச் சீஸில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஏறத்தாழ இருக்காது. பாலே ஒவ்வாமை என்றால் அது வேறு கதை.

8. சுவைப்பது

இளசிலிருந்து முதிர்ந்ததுக்கு, மிதமானதிலிருந்து காரமானதுக்குப் போங்கள். நீலச் சீஸ் கடைசி. நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

முதலில் இரண்டாக ஒடித்து மோந்து பாருங்கள். அப்புறம் சின்னத் துண்டை நாக்கில் வைத்து, கொஞ்சம் இளகவிட்டு மெல்லுங்கள். 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டி ஒரு சொல்லையாவது தேடுங்கள். காய்ந்த புல்லா, வறுத்த கடலையா, தொழுவமா, புகையா, பாகா. ஒரே சீஸின் 12 மாதத்தையும் 24 மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து வகை ருசிப்பதைவிட இதில் கற்றுக்கொள்வது அதிகம். முதிர்ந்த பார்மிஜானோவில் பல்லில் நறுக்கென்று படும் வெள்ளைத் துகளை உப்பு என்று நினைப்பார்கள். அது உப்பல்ல, புரதம் உடைந்து படிகமான டைரோசின். நன்றாக முதிர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வழிகாட்டியிடம் கேட்க நல்ல கேள்வி எம்மென்டால் சீஸில் ஏன் ஓட்டை என்பது. பாக்டீரியா விடும் வாயு என்பார்கள், சரிதான். ஆனால் வாயு எந்த இடத்தில் சேரும்? பாலில் விழும் நுண்ணிய காய்ந்த புல் துகள்களைச் சுற்றித்தான் என்று சுவிஸ் ஆய்வாளர்கள் 2015-ல் கண்டுபிடித்தார்கள். கறவை சுத்தமாக ஆக ஆக ஓட்டைகள் குறைந்துபோனது ஏன் என்ற புதிருக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது.

இன்னொரு நாசூக்கு: பொதுத் தட்டில் முக்கோணத் துண்டு வந்தால் கூர்முனையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுப்பகுதிதான் ருசி, தோல் பக்கம் போகப்போகக் கடினம். எல்லோருக்கும் இரண்டும் கிடைக்கிற மாதிரி நீளவாக்கில் வெட்டுவதுதான் முறை.

9. சீஸோடு ஊர்ச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

சீஸ் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிக் கதைதான். பார்மாவில் சீஸ் வடிந்த தெளிநீர் பன்றிகளுக்குத் தீனியாகப் போகிறது. அதே பன்றியின் தொடைதான் பார்மா ஹாம். பிரான்சின் வோஜ் மலையில் பண்ணை வீட்டிலேயே சாப்பாடு போடும் ஃபெர்ம் ஓபெர்ஜ்கள் உண்டு. பெரும்பாலும் சொந்தப் பண்ணை விளைச்சலே தட்டுக்கு வரும், மன்ஸ்டர் சீஸ் இல்லாமல் பந்தி முடியாது. ஓப்ராக் பீடபூமியில் பழைய இடையர் கல்வீடுகளில் அலிகோ கிடைக்கும். மசித்த உருளைக்கிழங்கில் புதுச் சீஸைப் போட்டுக் கிண்டிக் கிண்டி, கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கினாலும் அறுந்து விழாத இழையாக வரும்வரை விடமாட்டார்கள். எல்லாமே கனமான சாப்பாடு. மதியம் இதைச் சாப்பிட்டுவிட்டு மாலை மலையேற்றம் என்று திட்டம் போடாதீர்கள்.

பண்ணையில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள். மாலைக் கறவையைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பிரான்சின் ரெப்லோஷோன் சீஸ் பிறந்த கதையே அந்த நேரத்துக் கதைதான். எவ்வளவு கறக்கிறதோ அந்தக் கணக்கில் நிலக்காரருக்குக் குத்தகை கொடுக்க வேண்டியிருந்ததாம். கணக்கெடுக்கிறவர் முன்னால் பாதியோடு நிறுத்திக்கொண்டு, அவர் போனதும் மீதியைக் கறப்பார்களாம். அந்த இரண்டாம் கறவையின் கெட்டிப் பாலில் செய்தது என்பதால்தான், மறுபடி கறப்பதைக் குறிக்கும் அந்தப் பெயர்.

10. வாங்குவது, கட்டுவது, கொண்டுவருவது

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு மஞ்சளில் வட்ட முத்திரை இருந்தால் அந்த வட்டாரத்திலேயே, அந்த முறைப்படி செய்தது என்று பொருள். பிரான்சில் 'ஃபெர்மியே' என்று இருந்தால் ஒரே பண்ணையில், அந்தப் பண்ணைப் பாலிலேயே செய்தது. ரெப்லோஷோனில் இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: மேலே ஒட்டியிருக்கும் வில்லை பச்சையென்றால் பண்ணைச் சீஸ், சிவப்பென்றால் பல பண்ணைப் பால் சேர்ந்த ஆலைச் சீஸ்.

ஊருக்குக் கொண்டுபோக என்றால் கெட்டிச் சீஸாக வாங்கி, காற்றை உறிஞ்சிப் பொட்டலம் போடச் சொல்லுங்கள். பல கூடங்களில் போட்டுத் தருவார்கள். ஒரு நாள் பயணத்துக்குக் குளிர்பெட்டி இல்லாமலே தாங்கும். கரைகிற மெதுவான சீஸை விமானக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். அதைவிட முக்கியம், இறங்கும் நாட்டின் விதி. கோமாரிக்குப் பயந்து, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வருகிறவர்கள் சொந்தத் தேவைக்கென்று சீஸ் கொண்டுவருவதைப் பிரிட்டன் 2025 ஏப்ரலில் தடை செய்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் வாரத்தில் அந்த நாட்டுச் சுங்கத் துறைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, மெழுகுத்தாளில் தளர்வாகச் சுற்றி, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். குளிரில் வாசனை எழாது. பார்மிஜானோ தீர்ந்து தோல் மட்டும் மிஞ்சினால் தூக்கிப் போடாதீர்கள். மேல்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி, கொதிக்கும் சூப்பில் முழுசாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள். அதன் உள்பக்கம் ஜவ்வு மாதிரி இளகியிருக்கும். அடுப்படியில் நிற்கிறவருக்குத்தான் அது.